தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்ட டீச்சருக்கு

என் அன்புக்குரிய டீச்சர்,

தம்பி நன்றாக இருக்கிறார். குடிக்கவில்லை. நீங்கள் முதலில் கேட்பது அதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள் உங்களுக்காக ஒரு நினைவு மலர் போடுகிறாள். பள்ளிக்கூடத்தில் உங்களோடு வேலை பார்த்தவர்கள், மாதா கோவில் பாட்டுக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். என்னிடமும் கேட்டாள். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதலைன்னா பரவாயில்லை அங்கிள், உங்க தம்பியை எழுதச் சொல்லுங்க. அம்மா அவரைப் பத்தித்தான் கேட்டுட்டே இருந்தாங்க" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எனக்குத் தம்பி கிடையாது என்பது உங்கள் குடும்பத்தில் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?

குடியை நிறுத்துகிறவர்களின் கூட்டத்துக்கு வருகிறவர்களின் பெயர் வெளியே போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதன்படி என் பெயர் இதில் இல்லை. அங்கே கூட வரும் கஜாவிடம் மட்டும் கேட்டேன், உன்னைப் பற்றி எழுதலாமா என்று. "தாராளமா போடு சார். குடிக்கிறப்ப ஒளிஞ்சிக்கினா குடிச்சேன், நிறுத்துனப்புறம் ஒளியறதுக்கு?" என்றான். நான் ஒளிந்துகொண்டுதான் குடித்தேன். அதனால் ஒளிந்துகொண்டுதான் எழுதவும் வருகிறது.

இதைப் படிக்கப்போகிறவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே ஒரு முறை திருப்பிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு மயிலாப்பூரில் ஒரு சிறிய ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். சாயங்காலம் விளக்குப் போடும் நேரம் வந்தால் எனக்குப் பயம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பயத்துக்கு மருந்து மாதிரி ஆரம்பித்தேன், பிறகு மருந்தே பயமாகிவிட்டது. குடித்ததைக்கூட ஒழுங்காகக் குடித்தேன். காபி டம்ளரில், டபராவோடு. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு கிழவர் காபி சாப்பிடுகிறார் என்றுதான் தெரியும். ஒரு நாள் காலையில் அடையாறிலிருந்து என் மகள் போன் செய்து, "என்னப்பா, நேத்து நீங்கதானே வரச் சொன்னீங்க, கிளம்பிட்டேன்" என்றாள். முந்தின நாள் அவளோடு பேசியதாகவே எனக்கு நினைவில்லை. என்ன பேசினேன்? எப்படிப்பட்ட குரலில் பேசினேன்? அவளிடம் கேட்க முடியுமா?

ஒரு டாக்டரின் காத்திருப்பு அறைச் சுவரில் அந்தச் சின்னக் காகிதம் ஒட்டியிருந்ததை முன்பே பார்த்திருந்தேன். குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கான கூட்டம், கீழே ஒரு போன் எண். மறுபடி அங்கே போய், இல்லாத இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு, எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். எழுதிக்கொண்டால் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிடுவாரோ என்று பயம்.

போனில் பேச வேண்டியதை எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எடுத்தவர், "யாருக்காக சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் என் ஒத்திகையில் இல்லை. "என் தம்பிக்கு" என்றேன்.

"தம்பி வர ஒத்துக்கலைன்னாலும் பரவாயில்லை சார். குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னே தனியா ஒரு கூட்டம் இருக்கு. நீங்க வாங்க" என்று சொல்லி, சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வழி சொன்னார். அப்படித்தான் டீச்சர், தவறான அறைக்கு நான் சரியான விலாசத்தோடு வந்து சேர்ந்தேன்.

ஒன்றாம் வகுப்பு அறை. உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும் பெஞ்சுகள். சுவரில் அணில், ஆடு, இலை, ஈ. அறை முழுவதும் பெண்கள், நான் ஒருவன் ஆண். நடுவில் நீங்கள். உங்கள் கணவர் குடித்தே போய்ச் சேர்ந்து வெகு காலமாகியும், வந்துகொண்டே இருந்தவர் நீங்கள்.

"உங்க வீட்ல யாரு சார்?"

"தம்பி."

"கூடவே இருக்காரா?"

"கூடவேதான் இருக்கிறார்."

அதிலாவது பொய் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் நீங்கள் கேட்பீர்கள், தம்பி எப்படி இருக்கார் என்று. நானும் சொல்வேன். இந்த வாரம் கொஞ்சம் குறைவு. வியாழக்கிழமை மட்டும் அதிகம். ஒரு தடவை, "ராத்திரி சாப்பிட்டாரா?" என்று கேட்டீர்கள். "தயிர் சாதம் சாப்பிட்டார், ஊறுகாய் வைத்துக்கொண்டு" என்றேன். "ஊறுகா தயிர் சாதத்துக்கா சார், இல்ல அதுக்கு முன்னாடி வேற எதுக்காவதா?" என்றீர்கள் நீங்கள். அந்த அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். அந்தப் பெண்கள் பேசியதைக் கேட்கக் கேட்கத்தான் என் பயம் வேறு பயமானது. ஒரு அம்மா சொன்னார்: "சாவி திரும்பற சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும். அவர் செத்து வருஷமாச்சு, இன்னும் கலக்குது." என் மகள் தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்கிறாள். நான் எடுப்பதற்குள் அவளுக்கு வயிறு எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தவன், இந்த ஒன்றை அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன்.

ஒரு வாரம் கூட்டம் முடிந்து கிளம்பும்போது நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "குடிக்கிறவங்க கூட்டமும் இதே நேரத்துக்குப் பக்கத்து ரூம்லதான் நடக்குது. அடுத்த வாரம் தம்பியைக் கூட்டிட்டு வாங்க சார். பயப்பட்டார்னா, அந்த வாசல் வரைக்கும் நான் கூட வரேன்."

அடுத்த வாரம் தனியாகத்தான் வந்தேன். வராமல் இருந்துவிடலாம் என்று கச்சேரி ரோடு முனையில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டிருந்தீர்கள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தீர்கள்.

"தம்பி வந்திருக்காரா சார்?"

"வந்திருக்கார்."

"வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தீர்கள். என்னைவிட வயதில் சிறியவர் நீங்கள். அந்த வராந்தாவில் எனக்கு அக்கா ஆனீர்கள்.

அந்தப் பக்கத்து அறையைப் பற்றி உங்களிடம் நான் பெரிதாகச் சொன்னதில்லை. வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, அந்த வாரம் எப்படிப் போனது என்று பேச வேண்டும். பேச விருப்பமில்லை என்றால் கட்டாயம் இல்லை. நான் அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டேன். என் முறை வந்தால், "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். கஜா ஆட்டோ ஓட்டுகிறவன். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து அவனை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்ட பிறகும் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறவன். ஒவ்வொரு வாரமும், "லைப்ரரி இன்னிக்கும் லீவுப்பா" என்று அறிவிப்பான்.

அங்கே சொல்லாததை எல்லாம் வெளியே வந்து உங்களிடம் சொல்வேன். உங்கள் கூட்டம் சீக்கிரம் முடிந்தாலும் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் காத்திருப்பீர்கள். "தம்பி எப்படி இருக்கார்?" தம்பிக்கு நேற்றுக் கடைப் பக்கம் கால் போனது டீச்சர். தம்பி திரும்பி வந்துவிட்டார். தம்பிக்கு விளக்குப் போடும் நேரத்தில் நெஞ்சு அடைக்கிறது. நீங்கள் கேட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு இஞ்சி மரப்பா எடுத்துக் கையில் வைப்பீர்கள். அவ்வளவுதான். நிறுத்தியது அந்த அறையிலா, அந்தக் குழாயடியிலா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு நீங்கள் படுத்துவிட்டீர்கள். அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கொண்டுவந்த சாத்துக்குடியை நர்ஸிடம் கொடுத்து, "தம்பி கொடுத்தார் என்று சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். அதற்குப் பிறகு சில வாரங்கள் கூட்டத்துக்குப் போனேன். முடிந்து வெளியே வந்தால் குழாயடியில் யாரும் இல்லை. சொல்ல வைத்திருந்ததை எல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். பிறகு போவதையே விட்டுவிட்டேன். குடிக்கவில்லை. ஆனால் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது கை ஒரு நிமிஷம் நிற்கும்.

உங்கள் அடக்கத்தன்று கோவிலில் கடைசி பெஞ்சில் இருந்தேன். எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முட்டி போட வேண்டும் என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வெளியே வைத்த பெட்டியின் பக்கத்தில் உங்கள் மகள், "நீங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?" என்று கேட்டாள். "என் தம்பியை அவங்களுக்குத் தெரியும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தம்பியா? ஆஸ்பத்திரில, தம்பி கூட்டத்துக்குப் போறாரான்னு அம்மா கேட்டுட்டே இருந்தாங்க. எந்த மாமாவைக் கேக்கறாங்கன்னு எங்களுக்குப் புரியவே இல்லை. போறாரா அங்கிள்?"

"போறார்" என்றேன்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்ன பொய் அது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். அதை உண்மையாக்காவிட்டால் நான் திரும்பவும் டம்ளரை எடுத்துவிடுவேன் என்று பயம். உண்மையாக்க வேண்டுமானால் அந்த அறையில் வாயைத் திறக்க வேண்டுமே என்று பயம். குழாயடியில் நீங்கள் இல்லை. இனி எங்கே சொல்வேன்?

கஜா போன் செய்தான். "சார், ஸ்கூல்ல கட்டட வேலை ஆரம்பிச்சிட்டாங்கோ. இனிமே மீட்டிங்கு தி.நகர்ல. பெரிய ஜவுளிக் கடை பின்னால சந்து, மாடி மேல. வந்துரு சார், தேட வைக்காத" என்றான். எந்த ஜவுளிக் கடை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேருந்தில் போய் இறங்கினேன். தி.நகரில் ஜவுளிக் கடைக்கா பஞ்சம்?

சந்து சந்தாக அலைந்தேன். யாரிடமும் கேட்கப் பயம். கேட்டால் எதற்கு என்று கேட்பார்களே. ஒரு கடை வாசலில் நின்ற காவலாளி தானாகவே, "இன்னா தேடறீங்க பெரியவரே?" என்றார். "ஒரு கூட்டம் நடக்கிறது..." என்று இழுத்தேன். "யோகாவா? நேராப் போய் ரைட்டு" என்றார். மறுக்கத் துணிவில்லாமல் நேராகப் போய் வலது பக்கம் திரும்பினேன். யோகா இருந்ததோ இல்லையோ, எதிரே மதுக்கடை இருந்தது.

அந்தக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஆபீஸ் பை. நான் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, அட்ரஸ் தேடறியா?" என்றார். குடித்தவரிடம் வெட்கம் எதற்கு என்று தோன்றியதோ என்னவோ, அவரிடம் மட்டும் சொன்னேன்.

"குடிய விடறவங்க மீட்டிங்கா? அத்தக் கேக்கறதுக்கா இந்த முழி முழிக்கிற? அதோ பாரு, டெய்லர் கடை. அதுக்கு மேல மாடி. நானே ரெண்டு வாட்டி போய்க்கீறேன். டீ நல்லாருக்கும். மத்தது நமக்கு ஒத்து வர்ல."

நன்றி சொல்லி நகர்ந்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். "உதறுது பாரு உனுக்கு. வா, ஒரு கட்டிங் போட்டுட்டுப் போ. பாதி உனுக்கு, பாதி எனுக்கு. தெம்பா ஏறுவ. மீட்டிங் எங்க ஓடிடப் போவுது?" ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதற்குத்தான் கட்டிங் என்று பெயர்.

அவர் கெட்டவர் இல்லை டீச்சர். அதுதான் பயம். அந்த வாரம் முழுவதும் என்னிடம் 'வா' என்று நேரில் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அவர் மூச்சிலிருந்து அந்த வாசனை வந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. கீழே பார்த்தேன். என் கால் இரண்டும் கடையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நான் எப்போது திருப்பினேன்? அந்த நேரத்தில், பழக்கம்தான் வேறென்ன, வாய் தானாகச் சொன்னது: "மேலே என் தம்பி காத்திருக்கான்."

அவர் கையை எடுத்துவிட்டார். "தம்பிக்காகவா? நான் உனுக்குன்னு நென்ச்சேன். போ போ, போய்ப் பாத்துக்க. எனுக்கும் ஒரு தம்பி கீறான். எட்டிக்கூடப் பாக்க மாட்டான்" என்றார்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளியதும் கஜாவின் குரல். "யாரு வர்றது பாரு! லைப்ரரி தொறந்துட்ச்சுப்பா." நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான். நான் உட்கார்ந்தேன். பேச்சு ஒவ்வொருவராக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. கேட்டுக்கறேன் என்ற அந்த ஒரு வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் கீழே இறங்கும்போது அந்த வார்த்தையோடு தனியாக இறங்க வேண்டும். கீழே அவர் நின்றுகொண்டிருப்பார்.

என் முறை வந்தது. என் பெயரைச் சொன்னேன். "நான் என் தம்பிக்காக வந்தேன்" என்றேன். நிறுத்தினேன். "எனக்குத் தம்பி கிடையாது" என்றேன்.

எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். அப்போது கஜா மிகவும் மரியாதையான குரலில் கேட்டான். "அப்ப இம்மா நாளு தயிர் சாதம் துன்னது யாரு சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படி...?"

"ஸ்கூல்ல ரெண்டு ரூமுக்கும் நடுவுல வெறும் தட்டிதான சார்? நீ அந்தாண்ட சொல்றது அல்லாம் இந்தாண்ட கேக்கும். தம்பி எப்ப வருவாரு, தம்பி எப்ப வருவாருன்னு நாங்க பாத்துக்கினேதான் இருந்தோம். டீச்சரம்மா ஒரு வார்த்த சொல்லல. ஊறுகாதான் சொல்லுச்சு."

அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, நான் பாக்கியைச் சொன்னேன். டம்ளர், டபரா, என் மகளோடு பேசி மறந்துபோன சாயங்காலம், விளக்குப் போடும் நேரம், சற்று முன் கீழே கட்டிங்குக்குத் திரும்பி நின்ற கால்கள். நானும் ஒரு குடிநோயாளி என்று கடைசியில்தான் சொன்னேன். முதலில் சொல்ல வேண்டியது அது. வரிசை தப்பிவிட்டது.

வெளியே வந்து மாடிப்படியில் நின்றேன். பழக்கத்தில் கண் குழாயைத் தேடியது. ஆனால் சொல்ல மிச்சம் எதுவும் இல்லை, டீச்சர். அது எனக்கு ஏதோ உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டது போல இருந்தது. கோபித்துக்கொள்வீர்களா?

தைரியம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. கீழே அந்தக் கடை அங்கேயேதான் இருந்தது, கும்பல் இன்னும் கூடியிருந்தது. கஜாவிடம், பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வருகிறாயா என்று கேட்டேன்.

"பயமா கீதா சார்?"

"ஆமாம்."

"எனுக்குந்தான். வா, சேந்து போலாம். பாதி உனுக்கு, பாதி எனுக்கு."

இந்தக் கடிதத்தை உங்கள் மகளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு ஊமையாக இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் படித்தால் என்ன நினைப்பாள்? அம்மாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்று பொய் சொன்ன கிழவனை மலரில் போடுவாளா? போட்டால், அது எப்படியாவது அடையாறில் என் மகள் கைக்குப் போகும். போகும் முன்னால் நானே அவளுக்குச் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை. இந்த வாரக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். கேட்டுக்கொள்ள அல்ல, கேட்க.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், டீச்சர். இதைத் தபாலில் போட மாட்டேன். சாந்தோமுக்கு நடந்தே போய், உங்கள் வீட்டு மணியை அடித்து, கையில் கொடுப்பேன். எழுதினவர் எங்கே அங்கிள் என்று அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தால், நீங்கள் அன்று வராந்தாவில் என்னிடம் வாங்கிய அதே பதிலைச் சொல்வேன்.

வந்திருக்கார்.

உங்களைவிட மூத்தவனான,
உங்கள் தம்பி